பூச்சி இருக்கிறதா? எதை வைத்துச் சொல்வது?



பிள்ளை தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால், சேலம், நாமக்கல் பக்கத்து அம்மாயிகளுக்குப் பரிசோதனை எதுவும் தேவைப்படாது. "வயித்துல பூச்சி இருக்குது கண்ணு, மாத்திரை வாங்கிக் குடு" என்று தீர்ப்பே சொல்லிவிடுவார்கள். பல் கடிப்பதை வைத்துப் பூச்சியை உறுதி செய்ய முடியாது. அதே நேரம், நிம்மதியாகத் தூங்கும் பிள்ளையின் குடலில் கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கலாம். குச்சிக்கிழங்குக் காட்டில் வெறுங்காலோடு நடக்கும் பிள்ளைக்கு, ஈர மண்ணிலிருந்து தோலைத் துளைத்து உள்ளே போகிற புழு அது.

ஆட்டுக்கு என்றால் நாம் கூச்சப்படுவதில்லை. மேச்சேரி ஆடு மெலிந்தால் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போகிறோம். பிள்ளையின் மலத்தை டப்பாவில் எடுத்துப் போகத்தான் தயங்குகிறோம். ஆட்டுக்குச் செய்கிற சோதனைகளில் பேர்போனது மக்மாஸ்டர் முறை. 1939-ல் ஆஸ்திரேலியாவில் செம்மறி ஆட்டுக்காகவே வகுக்கப்பட்டது. கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் பாலபாடம். விதைநெல்லை உப்புக் கரைசலில் போட்டால் பதர் மிதக்கும், நல்ல மணி அடியில் தங்கும் அல்லவா? இங்கேயும் உப்புக் கரைசல்தான். கசடு கீழே தங்க, புழு முட்டை மேலே மிதந்து வரும். கட்டம் போட்ட கண்ணாடியில் அதை எண்ணுவார்கள்.

மனிதர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது கேட்டோ-கட்ஸ் முறை. 1954-ல் ஜப்பானின் கேட்டோ தொடங்கிவைத்ததை 1972-ல் பிரேசிலின் கட்ஸ் செம்மைப்படுத்தினார். மலத்தைச் சல்லடையில் அழுத்தி வழித்து, கண்ணாடி ஸ்லைடின் மேல் வைத்த, நடுவில் ஓட்டையுள்ள சிறு அட்டையில் நிரப்புவார்கள். அந்த ஓட்டை கொள்வது 41.7 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் 24-ல் ஒரு பங்கு. அட்டையை எடுத்துவிட்டு, கிளிசரினில் ஊறிய பச்சை நிற செலோஃபேனை மேலே ஒட்டிக் கவிழ்த்து அழுத்தினால் ஸ்லைடு தயார். கண்ணில் பட்ட முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால் கிராமுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். கொக்கிப்புழுவுக்கு அது 4,000-ஐத் தொட்டால் கடுமையான தொற்று.

எளிது, மலிவு. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. கசடைத் தெளிய வைக்கிற கிளிசரின் அதையும் தெளிய வைத்துவிடும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால், இருந்த முட்டையும் காணாமல் போகும். மாலையில் சாவகாசமாகப் பார்த்து "இல்லை" என்று எழுதினால் அந்தச் சீட்டுக்கு மதிப்பில்லை. தண்ணீராகப் போகும் மலத்துக்கும் இந்த முறை உதவாது.

தனியார் லேபில் 'மோஷன் டெஸ்ட்' என்று கொடுத்தால் நடப்பது பெரும்பாலும் இதுகூட இல்லை. 2 மில்லிகிராம் அளவு மலத்தைச் சலைனில் கரைத்து அப்படியே பார்ப்பார்கள். நாக்குப்பூச்சி நாளுக்கு 2 லட்சம் முட்டை இடுவதால் இதிலும் அகப்படலாம். சில ஆயிரம் மட்டுமே இடும் கொக்கிப்புழு எளிதில் தப்பிவிடும்.

மிக நுட்பமானது பிசிஆர். புழுவின் மரபணுவையே தேடுவதால், கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் கொக்கிப்புழு இனங்களையும் அது பிரித்துச் சொல்லும். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 2017-ல் தொடங்கிய டீவார்ம்3 ஆய்வில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் பிள்ளைகளோடு பெரியவர்களுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்துப் பார்த்தது. பரவல் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதா என்று தீர்மானிக்க அவர்கள் நம்பியது பிசிஆரைத்தான். புழு குறையக் குறைய மைக்ராஸ்கோப்பின் கண் மங்கிவிடுகிறது. ஆனாலும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிசிஆர் என்பது என் பார்வையில் வீண் செலவு. ஊர் அளவுக்குக் கணக்கெடுக்க கேட்டோ-கட்ஸ் போதும்.

கீரிப்பூச்சி தனி ரகம். ராத்திரியில் ஆசனவாய் அரிப்பு என்றால் மலத்தில் தேடிப் பயனில்லை. அது முட்டையிடுவது வெளித்தோலில். காலையில் குளிப்பாட்டும் முன், கழுவும் முன், செலோ டேப்பை அங்கே ஒட்டி எடுத்துக் கண்ணாடியில் பதித்தால் மைக்ராஸ்கோப்பில் தெரியும். ஸ்டேஷனரிக் கடை டேப்பே போதும்!

அப்படியென்றால் பள்ளியில் ஏன் சோதிக்காமலே மாத்திரை தருகிறார்கள்? அல்பெண்டசோல் மலிவு, பாதுகாப்பானது. சோதனைக்குத்தான் அதைவிடச் செலவு அதிகம். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை கொடுக்கப்படுகிறது. அதை மறுக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிட்டும் பிள்ளை வெளிறிப்போய், ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மலப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், சிறுநீரும் தண்ணீரும் கலக்காமல் சுத்தமான டப்பாவில் எடுத்து, அன்று காலையிலேயே லேபில் சேருங்கள். நம் ஊர்ச் சூட்டில் கொக்கிப்புழு முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும். முட்டைகளை ஒன்றுதிரட்டி, அதாவது செறிவூட்டிப் பார்க்கும் முறை உண்டா என்று கேளுங்கள். முதல் சீட்டில் 'இல்லை' என்று வந்தால், வேறு நாட்களில் இன்னும் இரண்டு முறை கொடுத்துப் பாருங்கள்.