அறுவடைப் பணத்தைப் பங்கிடும் முறை

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சம்பா அறுவடை முடிந்ததும் குடியானவர் கையில் பணம் புழங்குகிறது. ஆடி பிறப்பதற்குள் அதே குடும்பம் விதைக்கும் உரத்திற்கும் கடன் தேடி அலைவதையும் நாம் காண்கிறோம். வருமானக் குறைவு மட்டும் இதற்குக் காரணமன்று. வந்த பணத்தில் விரைவில் வேண்டுவது எது, நாள் கழித்து வேண்டுவது எது என்று பிரித்து வைக்காமையும் ஒரு காரணமாகும்.

இத்தகைய பங்கீடு நமக்குப் புதிதன்று. நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை இடைவெளியில் உளுந்தோ நிலக்கடலையோ பயிரிட்டுச் செலவைச் சமாளிக்கிறோம். உளுந்து எழுபது நாட்களில் பலன் தரும். தென்னையோ ஒரு தலைமுறைக்குக் காய்க்கும். நிலத்தில் கையாளும் இம்முறையைப் பணத்திலும் கையாள வேண்டும்.

முதற் பங்கு ஓராண்டுக்குள் வேண்டுவது: விதை, உரம், கூலி, பள்ளிச் செலவு, வைத்தியம். இது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ வங்கிச் சேமிப்புக் கணக்கிலோ இருக்கட்டும். வட்டி குறைவேயாயினும் கேட்ட நாளில் கைக்கு வரும்.

இரண்டாம் பங்கு கறவை மாடு, பம்பு செட்டு, வீட்டுப் பழுது போன்றவற்றிற்கானது. அஞ்சலகத்தில் 1, 2, 3, 5 ஆண்டு வைப்புகள் உண்டு. தேசிய சேமிப்புப் பத்திரம் 5 ஆண்டுக்குரியது. இடையில் அதை எளிதில் பணமாக்க இயலாது.

மூன்றாம் பங்கு பிள்ளைகளின் மேற்படிப்புக்கும் முதுமைக்கும் உரியது. பொது வருங்கால வைப்பு நிதி 15 ஆண்டுத் திட்டம். 2015-ல் தொடங்கப்பட்ட செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தையின் பெயரில் கணக்குத் தொடங்கி, 15 ஆண்டுகள் பணம் செலுத்தலாம். 21 ஆண்டுகளில் அது முதிர்வடையும்.

அதிக வட்டியை விரும்பி முழுப் பணத்தையும் நீண்ட காலத்திற்குப் பூட்டிவிடுவது தவறு. அவசரத்திற்கு 20,000 ரூபாயை, நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் வாங்கினால் ஆறு மாதத்தில் 3,600 ரூபாய் வட்டியாகவே போய்விடும். எந்த அஞ்சலக வைப்பும் இதற்கு ஈடுகட்டாது. ஆகவே, இத்தகைய கடன் உள்ளவர் முதலில் அதைத் தீர்ப்பதே சிறந்த முதலீடாகும். மறுபுறம், முழுப் பணத்தையும் கையிலேயே வைத்திருந்தால் அது சில்லறைச் செலவிலும் விலைவாசி உயர்விலும் கரைந்துவிடும். மகளின் கல்லூரிச் செலவு வரும்போது நிலத்தை விற்க நேரும்.

பங்குகளின் அளவு எல்லோருக்கும் ஒன்றாக இராது. ஆற்றுப் பாசனமோ கிணறோ இல்லாத மானாவாரி விவசாயி முதற் பங்கைப் பெரிதாக வைக்க வேண்டும். ஒரு பருவம் மழை பொய்த்தாலும் மறு பருவத்து விதைக்கு அது உதவ வேண்டுமல்லவா?

எந்தத் திட்டத்தில் சேருமுன்னும், "வட்டி எவ்வளவு?" என்பதோடு "எப்போது எடுக்கலாம்?" என்றும் கேட்போமாக. பஞ்சாயத்து உறுப்பினர்கள் குடியரசு தினக் கிராம சபைக்கு ஊர் அஞ்சலக அலுவலரை அழைத்து, இவற்றை மக்களுக்கு விளக்கச் செய்ய வேண்டுகிறோம். அறுவடைப் பணம் கைக்கு வரும் காலமும் அதுவே.