கல்லுக்கு நம்பர் உண்டா?

எளாவூர்ல மீன் வெட்டுற அக்கா ஒருத்தங்க கேட்டாங்க: “தம்பி, இது மாமனார் காலத்துத் தீட்டுக்கல்லு. கடையில எட்டாயிரம் நம்பர்னு ஒரு மலைக்கல்லு விக்கிறாங்க, விலையும் ஏழெட்டாயிரம். இதைத் தூக்கிப் போட்டுட்டு அதை வாங்கிடட்டுமா?”

முதல்ல ஒண்ணு. மலைக்கல்லுக்கு நம்பர் கிடையாது. ஆலையில துகளைச் சலிச்சு, ஒரே அளவா சேர்த்துக் கல் பண்றாங்க, அதனால நம்பர் போடலாம். அதுலயே குழப்பம்தான். அமெரிக்க முறையில 600, ஐரோப்பிய முறையில பி1200, ரெண்டும் ஏறக்குறைய 16 மைக்ரான். சிப்காட்டுல வேலை பாக்கறவங்க எமரித் தாளுக்குப் பின்னாடி அந்த ‘பி’யைப் பார்த்திருப்பீங்க.

பூமி அப்படிச் சலிச்சுத் தர்றதில்லை. பெல்ஜியத்துல கொட்டிக்யூல்னு ஒரு கல், அதுல வெட்டுறது கார்னெட் மணி. மணி பல முகத்தோட உருண்டை மாதிரி இருக்கறதால ஆழமா கீறாது. துகள் அளவை வெச்சு நம்பர் சொன்னா தப்பாயிடும்.

அப்ப எப்படிப் பாக்கறது? பழைய கத்தி ஒண்ணை எடுங்க. ஆலைக்கல் 1000ல ஒரே திசையில தேய்ங்க. பிறகு உங்க கல்லுல தண்ணி விட்டு, குறுக்குத் திசையில முப்பது நாப்பது இழுப்பு. பத்து மடங்கு லென்ஸ்ல, வெளிச்சத்தைச் சாய்ச்சு வெச்சுப் பாருங்க. பழைய கீறல் மறைஞ்சு நைசான கீறல் வந்திருந்தா, 3000த்தோட ஒப்பிடுங்க. நைசுக்கு நடுவுல தனியா ஒரு ஆழமான கோடு திரும்பத் திரும்ப விழுந்தா, கல்லுக்குள்ள முரட்டு மணி இருக்குன்னு அர்த்தம். அந்தக் கல் எவ்வளவு நைசா இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். இன்னொண்ணு, கல்லுல ஊறுற சேறோட தேய்ச்சா வேகமா வெட்டும். கழுவிட்டுச் சுத்தத் தண்ணியில தேய்ச்சா நைசாகும். ஒரே கல்லுதான்.

அக்காவோட கல்லையும் இப்படித்தான் பார்த்தோம். 1000த்தை விடக் கொஞ்சம் முரடு. மீனுக்கு அதுதான் வேணும். கண்ணாடி மாதிரி தீட்டுன கத்தி வழவழத் தோல்ல வழுக்கும். நடுவுல குழி விழுந்திருந்துச்சு. எமரித் தாளைக் கண்ணாடி மேல ஒட்டி, தண்ணி ஊத்திக்கிட்டே சமன் பண்ணச் சொன்னேன். காய்ஞ்ச கல்லைத் தேய்க்காதீங்க, அந்தச் சிலிக்கா தூசு நுரையீரலுக்கு ஆகாது.