சினம் தணிந்தால் இல்லம் சிறக்கும்

(பங்கின் பொன்விழாத் தயாரிப்பாக நடைபெற்ற குடும்ப தியான நாளில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

நம் பங்கு ஐம்பது ஆண்டுகளைக் கடந்து பொன்விழாக் காண்கிறது. கோயிலுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. கொடிமரத்துக்கு வர்ணம் பூசியாகிவிட்டது. தேருக்குப் புதுச் சக்கரம் வந்துவிட்டது. நல்லது. ஆனால் யூபிலி என்ற சொல்லின் பொருள் என்ன என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்ப்போமா? பழைய ஏற்பாட்டில் லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படித்தால் தெரியும். ஐம்பதாவது ஆண்டில் எக்காளம் முழங்கும். கைமாறிய நிலம் பழைய உரிமையாளனிடம் திரும்பும். அடிமையாகப் போனவன் விடுதலை பெற்றுத் தன் குடும்பத்துக்குத் திரும்புவான். ஆக, யூபிலி என்றால் கணக்கைத் தீர்த்து, பிரிந்தவர்களை வீடு சேர்க்கும் ஆண்டு. நம் வீடுகளிலும் தெருக்களிலும் தீராமல் கிடக்கும் பெரிய கணக்கு ஒன்று உண்டு. அதன் பெயர் கோபம். அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

எல்லாக் கோபமும் பாவமா?

சிறு வயதில் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழு என்று மனப்பாடம் செய்தோம். அவற்றில் கோபமும் ஒன்று. அதற்கு எதிரான புண்ணியம் பொறுமை என்றும் ஒப்புவித்தோம். அப்படியானால் கோபம் வந்தாலே பாவமா? இல்லை. நம் ஆண்டவரே கோபம் கொண்டிருக்கிறார். ஓய்வு நாளில் கை சூம்பியவனைக் குணமாக்கலாமா என்று அவர் கேட்டபோது, எதிரிகள் வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்களைச் சினத்தோடு நோக்கினார் என்றும், அவர்களது உள்ளத்தின் கடினத்தைக் கண்டு வருந்தினார் என்றும் மாற்கு எழுதுகிறார். இங்கே கவனியுங்கள்: சினமும் வருத்தமும் ஒன்றாகவே வந்தன. அடுத்த கணம் அவர் செய்தது என்ன? அந்த நோயாளியைக் குணமாக்கினார். அவர் கோபத்தின் முடிவு ஒரு நன்மை.

வேதபாரகரான புனித தோமா அக்குவினாரும் கோபத்தை இவ்வாறே பகுத்துக் காட்டுகிறார். கோபம் மனித இயல்பில் உள்ள ஓர் உணர்ச்சி. அது நியாயமான காரியத்துக்காக, அறிவுக்குக் கட்டுப்பட்டு, அளவோடு எழுந்தால் பாவமில்லை. பழிவாங்கத் துடித்தால், அளவு மீறினால், பாவம் உள்ளே நுழைந்துவிட்டது. ஏழையின் கூலியை ஒருவன் பிடித்துக்கொள்ளும்போது நமக்குக் கோபம் வராவிட்டால்தான் தவறு. ஆனால் நாம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வோம்: நம் கோபத்தில் எத்தனை பங்கு ஏழைக்காக, எத்தனை பங்கு நம் கௌரவத்துக்காக?

முன்கோபம் என்னும் சாக்கு

"அவருக்கு முன்கோபம்தான், மனசிலே ஒண்ணும் இல்லை" என்று நாம் சொல்வதுண்டு. "கோபம் உள்ள இடத்தில்தான் குணம் இருக்கும்" என்று அதற்குப் பொன்னாடையும் போர்த்துகிறோம். மனசில் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வாயில் வந்தது எல்லாம் கேட்டவர் மனசில் தங்கிவிட்டதே! சொன்னவர் காலையில் மறந்துவிட்டுக் காப்பி கேட்கிறார். கேட்டவள் இரவெல்லாம் கண் மூடவில்லை. முன்கோபம் என்றால் சிந்தனைக்கு முன்னே ஓடி வருகிற கோபம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

"என்னால் அடக்க முடியவில்லை, அது என் பிறவிக் குணம்" என்பது அடுத்த சாக்கு. அப்படியா? இதே மனிதர் தாலுகா அலுவலகத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்து, "நாளைக்கு வா" என்ற பதிலையும் கேட்டுக்கொண்டு, கைகட்டித் திரும்பி வருகிறார். கடன் கொடுத்தவர் நடுத்தெருவில் சத்தம் போட்டாலும் தலைகுனிந்து நிற்கிறார். அங்கெல்லாம் அடங்கிய கோபம் வீட்டுப் படியேறியதும் ஏன் வெடிக்கிறது? குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்பதா காரணம்? இல்லை. கோபம் தண்ணீரைப் போல் மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் பாய்கிறது. மேலதிகாரியிடம் காட்ட முடியாதது மனைவிமேல் விழுகிறது. மனைவியிடமிருந்து பிள்ளைமேல். பிள்ளை போய் நாய்க்குட்டியை உதைக்கிறது. திருவள்ளுவர் 'வெகுளாமை' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கோபம் பலிக்காத இடத்தில் அடங்கியிருப்பதில் பெருமை இல்லை, பலிக்கும் இடத்தில் அடக்குவதே உண்மையான அடக்கம் என்று அதைத் தொடங்குகிறார். நம் வீடுதான் நம் கோபம் பலிக்கும் இடம். அங்கேதான் நமக்குத் தேர்வு.

மோயீசனும் சூசையப்பரும்

கோபம் யாரையும் விடுவதில்லை. மண்ணில் வாழ்ந்த மக்களுள் மிகுந்த சாந்தமுடையவர் என்று எண்ணாகமம் புகழ்வது மோயீசனை. அவரே பாலைவனத்தில் மக்கள் தண்ணீருக்காக முறுமுறுத்தபோது பொறுமை இழந்தார். பாறையோடு பேசச் சொன்னார் கடவுள். அவரோ மக்களைக் கடிந்து திட்டிவிட்டுப் பாறையைக் கோலால் இருமுறை அடித்தார். தண்ணீர் வந்தது. மக்கள் குடித்தார்கள். ஆனால் வாக்களிக்கப்பட்ட நாட்டில் கால் வைக்கும் பேறு மோயீசனுக்குக் கிட்டவில்லை. கோபத்தால் சில சமயம் காரியம் நடந்துவிடும். பிள்ளை பயந்து படிக்கும், வேலைக்காரன் விரைந்து ஓடுவான். தண்ணீர் வந்துவிட்டதே என்று நாம் மகிழ்வோம். இழந்தது என்ன என்பது பின்னால்தான் தெரியும்.

இதற்கு எதிராக இன்னொருவரைப் பாருங்கள். வீரமாமுனிவர் தேம்பாவணியில் காவியத் தலைவராக வைத்துப் பாடிய நம் புனித சூசையப்பர். தமக்கு நிச்சயிக்கப்பட்ட கன்னி மரியாள் கருவுற்றிருப்பதை அறிந்தபோது அவர் மனம் எப்படிக் கொதித்திருக்கும்! ஊரைக் கூட்டியிருக்கலாம். அவர் கூட்டவில்லை. மரியாளை அவமானப்படுத்த மனமில்லாமல், இரகசியமாக விலக்கிவிடலாமா என்று சிந்தித்தார்; அப்படியே உறங்கினார். அந்த உறக்கத்தில்தான் தேவதூதர் உண்மையைத் தெரிவித்தார். அன்றிரவே அவர் கத்தித் தீர்த்திருந்தால்? சகோதரரே, நமக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதியைத் தெரிவிக்கக் கடவுளுக்கு ஓர் இரவாவது கொடுக்க வேண்டாமா?

சாந்தத்தைக் கற்றுக்கொண்ட ஆயர்

"அவர்கள் எல்லாம் புனிதர்கள், நாம் சாதாரண மனிதர்" என்று நீங்கள் சொல்லக்கூடும். அதனால் பிறவியிலேயே சுருக்கென்று கோபம் வரும் சுபாவமுடைய ஒருவரைச் சொல்கிறேன். அவர் புனித பிரான்சிஸ் சலேசியார். 1567-இல் சவாய் நாட்டில் பிறந்தவர். ஜெனிவா மறைமாவட்டத்தின் ஆயராக 1602-இல் பொறுப்பேற்று, 1622-இல் காலமானார். திருச்சபை அவரை 1665-இல் புனிதராகவும், 1877-இல் வேதபாரகராகவும் உயர்த்தியது. இன்று அவரை 'சாந்தத்தின் புனிதர்' என்று உலகம் அழைக்கிறது. அந்தச் சாந்தம் பிறவிச் சொத்தல்ல, பாடுபட்டுச் சேர்த்த சொத்து. ஒரு முறை ஒருவன் அவரை முகத்துக்கு நேரே ஏசியபோது அவர் மௌனமாக இருந்தாராம். பின்னர் நண்பர்கள் காரணம் கேட்டதற்கு, பல ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துவைத்ததைக் கால்மணி நேரத்தில் கொட்டிவிடப் பயந்தேன் என்ற கருத்தில் பதில் சொன்னதாக அவர் வரலாற்றில் காண்கிறோம்.

இல்லறத்தாருக்காக அவர் 1609-இல் வெளியிட்ட பக்தி வாழ்க்கை பற்றிய நூலில் கோபத்துக்கு மருந்து சொல்கிறார். அவற்றை நம் வீட்டு வழக்கில் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலாவது, வாசலிலேயே தடுத்துவிடுங்கள். சிறு பாம்பு தலையை நுழைத்துவிட்டால் உடலும் வந்துவிடும். கோபமும் அப்படியே. "நியாயமான கோபம்தானே, கொஞ்சம் இருக்கட்டும்" என்று இடம் கொடுத்தால் அது வீட்டுக்காரனாகிவிடும். தன் கோபம் அநியாயமானது என்று எண்ணும் கோபக்காரன் எவனும் இல்லை என்பதையும் அவர் நினைவூட்டுகிறார்.

இரண்டாவது, உடனே செபியுங்கள். படகு புயலில் அகப்பட்டபோது சீடர்கள் ஆண்டவரை எழுப்பியதுபோல் எழுப்புங்கள். நீண்ட செபம் வேண்டாம். "இயேசுவே, இரக்கமாயிரும்" என்று மூன்று முறை மனத்துக்குள் சொல்வதற்குள் மூச்சு சற்று அடங்கும், நாக்கு நிற்கும்.

மூன்றாவது, கோபப்பட்டுவிட்டால் உடனே சரிசெய்யுங்கள். பச்சைக் காயம் எளிதில் ஆறும். நாள்பட்ட புண் புரையோடும். கணவன் மனைவியிடமும், மாமியார் மருமகளிடமும், தகப்பன் பிள்ளையிடமும் "நான் பேசியது தப்பு" என்று சொல்வதால் தலை ஒன்றும் கீழே விழுந்துவிடாது. பொழுது சாய்வதற்குள் சினம் தணிய வேண்டும் என்று புனித சின்னப்பர் எபேசியருக்கு எழுதியதும் இதற்காகவே. இரவைத் தாண்டிய கோபத்துக்குப் பகை என்று பெயர்.

நான்காவது, கோபம் இல்லாத வேளையில் சாந்தத்தைச் சேர்த்துவையுங்கள். மழைக் காலத்தில் ஏரியை நிரப்பினால்தானே கோடையில் தண்ணீர்? சாதாரண நாளில் பிள்ளையை அன்பாகப் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய வாய், கடினமான நாளிலும் அதையே தேடும்.

ஐந்தாவது, உங்கள்மீதே கோபப்படாதீர்கள். "மறுபடியும் விழுந்துவிட்டேனே, சீ!" என்று தன்னையே சபிப்பதும் ஒரு கோபமே, அதில் அகந்தை ஒளிந்திருக்கிறது என்கிறார் இப்புனிதர். விழுந்த பிள்ளையைத் தூக்கிவிடுவதுபோல் உங்கள் உள்ளத்தையும் மெல்லத் தூக்கிவிடுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். அங்கே "கோபப்பட்டேன் சாமி" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாமல், யார்மீது, எதற்காக, என்ன செய்தேன் என்று சொல்லுங்கள். நோயைச் சரியாகச் சொன்னால்தானே மருந்து சரியாகக் கிடைக்கும்?

பொறுமை என்றால் அடிபடுவதா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொறுமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதைப் பெண்களின் தலையில் மட்டும் கட்டிவிடுகிறோம். குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனைப் பார்த்து, "நீதான் பொறுத்துப் போகணும் அம்மா" என்று அவளுக்குப் புத்தி சொல்கிறோம். பொறுமை அவனுக்கு அல்லவா முதலில் தேவை! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் குடும்பங்களுக்கு எழுதிய 'அன்பின் மகிழ்ச்சி' என்னும் ஊக்கவுரையில் இரண்டையும் சொல்லியிருக்கிறார். சமாதானமாகாமல் நாளை முடிக்காதீர்கள் என்று கூறும் அதே ஏட்டில், பெண்களுக்கு எதிரான வன்முறையை வன்மையாகக் கண்டிக்கிறார். பலவீனமான துணையையும் பிள்ளைகளையும் காப்பாற்றப் பிரிந்திருத்தலே தேவையாகும் சூழ்நிலைகளும் உண்டு என்று ஏற்றுக்கொள்கிறார். நம் நாட்டிலும் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆகவே அடிபடும் சகோதரி வாய்மூடி இருப்பது புண்ணியமல்ல. பங்குத் தந்தையிடமோ, அருட்சகோதரிகளிடமோ, நம்பிக்கையான உறவினரிடமோ சொல்லி உதவி பெறுவது பாவமும் அல்ல. அடித்தவரை மன்னிக்கலாம், அடியை அனுமதிக்க வேண்டியதில்லை.

காணிக்கையை வைத்துவிட்டுப் போங்கள்

இறுதியாக நம் பங்குக்கு வருவோம். வீட்டுக் கோபத்தைப் போலவே தெருக் கோபமும் உண்டு. வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை, தேர் வடத்தை முதலில் யார் தொடுவது, திருவிழாவில் எந்த நாள் மண்டகப்படி யாருக்கு என்ற வழக்கு. புனிதருக்கு எடுக்கும் விழாவிலேயே புனிதர் வெறுக்கும் பகையை வளர்க்கிறோமே! தாத்தா காலத்துச் சண்டைக்குப் பேரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். எதற்காகச் சண்டை வந்தது என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. ஒரே திருப்பந்தியில் நற்கருணை வாங்குகிறோம். சமாதானத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று குருவானவர் சொன்னதும் கைகூப்பி வலப்பக்கம் திரும்புகிறோம், இடப்பக்கம் திரும்புகிறோம்; அந்த ஒரு வீட்டார் இருக்கும் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

ஆண்டவரின் கட்டளை தெளிவாக இருக்கிறது. பீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் சமாதானம் செய்துகொள் என்கிறார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் இருந்தால் என்கிறார். "என் மனசில் ஒன்றும் இல்லை" என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள அவர் வழியே வைக்கவில்லை.

அன்பர்களே, விழாத் திருப்பலிக்கு இன்னும் சில நாள்களே இருக்கின்றன. விழாவுக்கு நன்கொடை கொடுத்துவிட்டீர்கள். புத்தாடை எடுத்துவிட்டீர்கள். இன்னும் ஒரு செலவு பாக்கி இருக்கிறது. நீண்ட நாளாக நீங்கள் படியேறாத ஒரு வீடு எது என்று உங்களுக்குத் தெரியும். இன்று மாலையோ நாளையோ, விழாவுக்கு வாருங்கள் என்று அழைக்கும் சாக்கிலாவது, அந்த வீட்டுப் படியேறுங்கள். கதவு திறக்காவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் போனதை ஆண்டவர் கண்டிருப்பார். திறந்துவிட்டாலோ, நம் பங்கின் பொன்விழா அந்த வாசலிலேயே தொடங்கிவிடும்.

சாந்தமும் மனத்தாழ்ச்சியும் நிறைந்த இயேசுவின் திரு இருதயம் நம் இருதயங்களைத் தமது இருதயத்துக்கு ஒத்ததாக ஆக்குவதாக!  இயேசுவுக்கே புகழ்!