கேள்வி கேட்பது குற்றமல்ல

(தாய்மார் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

பிரசவத்துக்குப் போன பொம்பளைக்கு இரத்தம் ஏத்தணும்னு ஆஸ்பத்திரியில் சொன்னால், நம்ம ஆட்கள் பலர் பயப்படுகிறார்கள். "யாரோட இரத்தமோ, என்ன வியாதி இருக்குமோ" என்கிறார்கள். இந்தப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கெட்ட இரத்தத்தால் ஆயிரக்கணக்கான பேர் செத்துப் போன சம்பவம் பெரிய பணக்கார நாடான பிரித்தானியாவிலேயே நடந்திருக்கிறது. அதை முழுசாகத் தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்படத் தேவையில்லை என்பது விளங்கும்.

ஹீமோபீலியா என்று ஒரு நோய் இருக்கிறது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வரும். காயம் பட்டால் இரத்தம் இலேசில் உறையாது. மூட்டுக்குள்ளேயும் இரத்தம் கசிந்து வீங்கும். 1970களில் இதற்கு ஒரு புது மருந்து வந்தது. மற்றவர்கள் கொடுக்கும் இரத்தத்தில் இருந்து உறைய வைக்கும் சத்தைப் பிரித்துத் தூளாக்கிய மருந்து அது. வீட்டிலேயே ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். தாய் தகப்பன்மார் அதை வரம் மாதிரி நினைத்தார்கள்.

ஆனால் ஒரு தடவை மருந்து செய்ய ஆயிரக்கணக்கான பேரின் இரத்தத்தை ஒன்றாகக் கலந்தார்கள். நம்ம வீட்டுப் பாலைக் கொண்டு போய்ச் சேகரிக்கும் இடத்தில் ஊற்றுகிறோமே, அங்கே ஒரு வீட்டுப் பால் கெட்டிருந்தாலும் முழு டாங்கும் கெட்டுப் போகும் அல்லவா? அதே கதைதான். அந்த மருந்தில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே காசுக்காக இரத்தம் கொடுத்தவர்களிடமும் சிறைக் கைதிகளிடமும் கூட வாங்கிச் சேர்த்தார்கள். அதன் வழியாக எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைட்டிஸ் சி கிருமியும் நோயாளிகளின் உடம்புக்குள் போயின.

இப்படி எச்.ஐ.வி. தொற்றியவர்கள் சுமார் 1,250 பேர். அவர்களில் ஏறக்குறைய 380 பேர் சிறு பிள்ளைகள். ட்ரெலோர் என்ற ஒரு பாடசாலையில் 1970க்கும் 1987க்கும் இடையில் ஹீமோபீலியா உள்ள 122 பிள்ளைகள் படித்தார்கள். இன்று அவர்களில் 30 பேர் அளவில்தான் உயிரோடு இருக்கிறார்கள். பெற்றோரிடம் சரியாகச் சொல்லாமலே அந்தப் பிள்ளைகளை வைத்து ஆராய்ச்சியும் செய்திருக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் உண்டு. பிரசவத்திலும் விபத்திலும் ஒப்பரேஷனிலும் இரத்தம் ஏற்றியவர்கள். இவர்களில் சுமார் 27,000 பேருக்கு ஹெபடைட்டிஸ் சி தொற்றியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கிருமி பல வருஷம் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். ஈரல் பழுதான பிறகுதான் தெரிய வரும். அதைக் கண்டுபிடிக்க, கொடுக்கும் இரத்தத்தைப் பரிசோதிக்கும் முறை அங்கே 1991 செப்டம்பரில்தான் தொடங்கியது. மொத்தத்தில் தொற்றியவர்கள் 30,000க்கும் மேல். செத்தவர்கள் சுமார் 3,000 பேர்.

அரசாங்கம் என்ன சொன்னது? அந்தக் காலத்தில் கிடைத்த நல்ல வைத்தியத்தைத்தான் கொடுத்தோம், யார் மேலும் பிழை இல்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே வந்தது. நோயாளிகளும் அவர்களுடைய குடும்பத்தாரும் விடவில்லை. கடிதம் எழுதினார்கள், சங்கம் அமைத்தார்கள், பாராளுமன்ற வாசலில் நின்றார்கள். கடைசியில் 2017இல் பகிரங்க விசாரணை நடத்துவதாகப் பிரதமர் அறிவித்தார். முன்னாள் நீதிபதி பிரையன் லாங்ஸ்டாஃப் அதற்குத் தலைமை தாங்கினார். 2024 மே 20ஆம் திகதி அறிக்கை வெளிவந்தது. ஏழு பாகம், 2,500 பக்கத்துக்கு மேல்.

இது தற்செயலாக நடந்த விபத்து அல்ல, பெருமளவுக்குத் தவிர்த்திருக்கலாம் என்று அந்த அறிக்கை சொல்லிவிட்டது. ஆபத்து இருக்கிறது என்று தெரிந்தும் மருந்தைக் கொடுத்தார்கள். நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. சிலருக்குத் தெரியாமலே அவர்களைப் பரிசோதித்து, முடிவையும் மறைத்தார்கள். அரசாங்கத்தின் சில ஆவணங்களை வேண்டுமென்றே அழித்தும் இருக்கிறார்கள். அறிக்கை வந்த அன்றே பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நட்டஈட்டுக்காக 1,180 கோடி பவுண் ஒதுக்கினார்கள். ஆனால் எத்தனை தாய்மார் அதைக் காணாமலே கண்ணை மூடிவிட்டார்கள்!

இதில் நமக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள்.

முதலாவது, இரத்தம் வேண்டாம் என்று மறுக்காதீர்கள். பிரசவத்தில் இரத்தப்போக்கு வந்தால் நேரம் தாழ்த்தினால் தாய் உயிர் போய்விடும். இன்று நமது நாட்டு இரத்த வங்கிகளில் ஒவ்வொரு பக்கெற்றையும் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குப் பரிசோதிக்கிறார்கள். காசுக்கு இரத்தம் வாங்குவதும் இல்லை. அதனால் இளைஞர்கள் இரத்ததான முகாம் வந்தால் தைரியமாகப் போய்க் கொடுங்கள். அப்போது கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் பதில் சொல்லுங்கள். அந்த நாட்டில் இல்லாமல் போனது இந்தக் கவனம்தான்.

இரண்டாவது, கேளுங்கள். "ஐயா, இது என்ன ஊசி? எதுக்குப் போடுறீங்க? வேற வழி இருக்கா?" என்று டாக்டரிடமோ நர்ஸ் அம்மாவிடமோ மரியாதையாகக் கேட்கலாம். விளங்காத பாஷையில் எழுதிய தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கும் முன்னால், வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கடுதாசிகளைப் பத்திரமாக வையுங்கள். டிக்கட் வெட்டும்போது தரும் அட்டை, கிளினிக் கொப்பி, இரத்தம் சோதித்த துண்டு எதையும் அடுப்பு மூட்டப் போடாதீர்கள். பிரித்தானியாவில் ஆஸ்பத்திரிப் பதிவு காணாமல் போனதால், தனக்கு இரத்தம் ஏற்றியதையே நிரூபிக்க முடியாமல் தவித்தவர்கள் அநேகம். ஒரு பொலித்தீன் பையில் போட்டு, அடையாள அட்டை வைக்கும் இடத்திலேயே வைத்தால் போதும்.

முன்பு எப்போதாவது இரத்தம் ஏற்றியவர்களுக்குச் சந்தேகம் இருந்தால், கிளினிக்கில் சொல்லிச் சோதித்துக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் சிக்கு இப்போது நல்ல மாத்திரை இருக்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலானவர்களுக்குச் சுகமாகிவிடும்.

அந்த நாட்டில் உண்மையை வெளியில் கொண்டுவந்தது, "என் பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்பதை நிறுத்தாத தாய்மார்களும் தகப்பன்மார்களும்தான். நீங்களும் கேட்கப் பழகுங்கள். பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.