மானை எழுதியவனும் பேரைக் கீறியவனும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்போடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று நினைப்பீர்கள். ஒரு பழைய தப்பை ஒத்துக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது பூண்டி ஏரியைப் பார்த்துவிட்டு, காட்டுக்குள் நடந்து குடியம் குகைக்குப் போனோம். அந்த வட்டாரத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டார். அங்கே கிடைத்த கற்கோடரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஆதி வேட்டைக்காரன் நடமாடிய மண் நம்முடையது. அதெல்லாம் அன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஒரு ஆணியை எடுத்து, பாறையில் என் பேரைக் கீறினேன். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள்.

பல வருஷம் கழித்து, வேலை விஷயமாகப் போபால் போனவன், பக்கத்தில் பீம்பேட்காவையும் பார்த்தேன். 1957-இல் வாகன்கர் கண்டறிந்து சொன்ன பாறை ஓவியங்கள். காவியிலும் வெள்ளையிலும் மான்கள். வில்லோடு துரத்தும் ஆட்கள். நாலைந்து கோடுதான், மான் பாய்கிறது! அவனும் என்னைப் போலப் பாறையில்தான் எழுதினான். ஆனால் தன் பேரை எழுதவில்லை, மானை எழுதினான். எனக்கு வெட்கமாகிவிட்டது.

பிரான்சு நாட்டு லாஸ்கோ குகையிலும் கொம்பு விரித்த மான்கள் உண்டு. 1940-இல் கண்டுபிடித்து, 1948-இல் மக்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்கள் விட்ட மூச்சுக்காற்றே ஓவியத்தைக் கெடுத்தது, 1963-இல் மூடிவிட்டார்கள். மூச்சே ஆகாதென்றால் ஆணி என்ன பாடுபடுத்தும்?

நம் விழுப்புரம் மாவட்டத்துச் செத்தவரையிலும் பாறையில் மான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் பேர் எழுதுவதும் பெயின்ட் அடிப்பதும் இன்னும் நிற்கவில்லை.

போன வருஷம் மகளைக் குடியத்துக்குக் கூட்டிப்போனேன். என் பேர் அப்படியே இருந்தது. “யாருப்பா இந்த வேலையைப் பண்ணது?” என்றாள். “யாரோ” என்றேன். மனசு கேட்கவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். இன்று உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

மாணவர்களே, போய்ப் பாருங்கள். கண்ணால் மட்டும் பாருங்கள்.