இருட்டறையில் எழுந்த நிலா

கவிஞர்கள் கூடியுள்ள மன்றத்தில் என்லார்ஜர் என்னும் பழைய இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், ஒரே மூலத்தைப் பல்லாண்டுகள் திருத்தித் திருத்தி வெளியிட்டவரின் கதை கவிஞர்களுக்கு அந்நியமானதன்று.

1941-இல் ஒரு மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரருகே ஆன்சல் ஆடம்ஸ் காரை நிறுத்தினார். கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில், வானில் நிலா. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவிலிருந்ததால் அதைக் கொண்டே கணக்கிட்டுப் படமெடுத்தார். மறுபடம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. கிடைத்தது ஒரே நெகட்டிவ். அதன் முன்புறமோ மெலிந்து கிடந்தது.

எஞ்சிய பணி இருட்டறையில். தாளில் ஒளி மிகுந்தால் இருள் மிகும். கையாலும் அட்டையாலும் நிலத்தை மறைத்து, வானுக்கு மட்டும் கூடுதல் நொடிகள் தந்தார் ஆடம்ஸ். ஒவ்வோர் அச்சும் புதிய தீர்மானம். இளமையில் பியானோ பயின்றவருக்கு அது இயல்பே. குறிப்பு ஒன்று, வாசிப்பு பல.

ஆனால் கருவி பொய் சொன்னால் தீர்மானம் யாருடையது? பழைய என்லார்ஜரின் குறைகள் சிறியவை, தந்திரமானவை. நெகட்டிவ், லென்சு, அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இராவிடில் ஒரு மூலை மட்டும் மங்கும். அதை ஃபோகசின் பிழையென்று எண்ணித் திருகிக்கொண்டிருப்போர் பலர். துருத்தியில் ஊசித்துளை விழுந்தால், கசியும் ஒளி தாளைப் புகைமூட்டமாக்கும். விளக்கை ஏற்றி, அறையை இருளாக்கி, சுற்றிலும் பார்த்தால் துளை தானே காட்டிக்கொடுக்கும். விளக்கின் சூட்டில் ஃபிலிம் வளைந்து ஃபோகசும் நழுவும். ஆகவே சற்றுச் சூடேறிய பின்னரே ஃபோகசு செய்வது நன்று. தலைப்பகுதியைத் தொட்டபின் ஆட்டம் அடங்கும்வரை பொறுக்க வேண்டும். கண்டென்சரின் தூசியை வாயால் ஊதலாகாது. எச்சில் துளி தூசியினும் கொடியது. ரப்பர் ஊதியும் மெல்லிய தூரிகையும் போதும். வெடித்துப்போன மின்கம்பியை மட்டும் பழமையின் பெயரால் போற்றிக் காக்க வேண்டியதில்லை. உடனே மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் தாளில் மிஞ்சும் குறை அச்சிட்டவருடையது, நிறைவும் அவருடையதே.

1948-இல் ஆடம்ஸ் பெருந்துணிவு கொண்டார். முன்புறத்தை வலுப்படுத்த, அந்த ஒரே நெகட்டிவின் கீழ்ப்பகுதியை இரசாயனக் கரைசலில் நனைத்தார். கை தவறியிருந்தால் மாற்று இல்லை. முற்கால அச்சுகளில் வானத்தில் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரிகின்றன. பிற்காலத்தவற்றில் வானம் ஏறத்தாழக் கறுப்பு. முன்னதே அம்மாலைக்கு நெருங்கியது என்போர் கூற்றில் உண்மையுண்டு. எனினும் அக்கறுப்பில்தான் சிலுவைகள் தனித்து நிற்கின்றன. 1984-இல் மறைவதற்குள் அந்த நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அச்சுகள் எடுத்திருந்தார் ஆடம்ஸ்.