பெரட்டுக்களத்தில் பழகிய மௌனம்

(வேலையிடத்தில் மனிதர் குணங்களும் குழுவாகச் செயல்படுவதும் என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நான் உளவியல் படித்தவன் அல்லன். மலாக்கா மாநிலம், ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பிறகு தொழிற்சாலைக்குப் போனேன். இருபத்தாறு ஆண்டுகள் வேலை. அதில் பதினெட்டு ஆண்டுகள் மேற்பார்வையாளர். ஆகவே ஏட்டில் படித்ததைவிடக் கண்ணில் பட்டதைத்தான் இன்று அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

என் பிரிவில் ஒரு தம்பி இருந்தார். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பிறகு ஒரு தொழிற்பயிற்சிச் சான்றிதழ். இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடிய கை அவருக்கு. ஆனால் காலைக் கூட்டத்தில் வாயைத் திறக்கமாட்டார். பின்வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆண்டு மதிப்பீட்டுப் பாரத்தில் தலைமைத்துவம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில், "வேலையில் கெட்டிக்காரர். பேசமாட்டார். குழுவை வழிநடத்த ஏற்றவர் அல்லர்" என்று எழுதினேன். ஒரு முறை அல்ல, தொடர்ந்து மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளிலும் பதவி உயர்வு வேறு யாருக்கோ போனது.

அதற்கு அடுத்த மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தேன். மலாக்காக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்டணத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து இரதம் புறப்பட்டுச் செங்குக்கு வரும், காவடிகள் வரும், வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். அப்படி ஒரு பந்தலில் பெரிய குரல் ஒன்று கேட்டது. "அந்தப் பக்கம் மோர் தீர்ந்துபோச்சு, ரெண்டு பேர் ஓடு! அம்மா, நீங்க வரிசையில நில்லுங்க, எல்லாருக்கும் இருக்கு!" திரும்பிப் பார்த்தால் நம் தம்பி! தோளில் துண்டு, கையில் நோட்டுப் புத்தகம். முப்பது பேருக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சண்டைக்காரன் என்று நான் நினைத்திருந்த ஒருவரைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நிறுத்தியிருந்தார். கணக்கில் கெட்டியான ஒரு பெண்பிள்ளையிடம் பணப்பெட்டி இருந்தது. பேச்சு வராத ஒரு பையன் அடுப்படியில் இருந்தான்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் மூன்று ஆண்டுகளாக எழுதியது அவருடைய குணத்தை அல்ல. என் கூட்டத்தில் அவர் எப்படி இருந்தார் என்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும் என்று நினைத்தேன். ஒரு குழுவில் பலவிதக் குணமுள்ளவர்கள் இருப்பார்கள், உண்மை. ஆனால் நாம் குணம் என்று பெயர் வைப்பதில் பாதி, அவர் எந்த இடத்தில் எப்படி வேலை பழகினார் என்பதுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக முதலில் நட்ட இடம் நம் மலாக்காதான். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் நட்டார். பிறகு புக்கிட் அசகானில் பெரிய அளவில் நட்டார். அந்தக் காடுகளுக்கு நம் முன்னோர் பலர் கங்காணி முறையில் வந்தார்கள். கங்காணி தம் ஊரில், தம் உறவில் ஆள் சேர்த்து அழைத்து வருவார். அவர் கொண்டுவந்த ஆள் வேலைக்கு வருகிற ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுத்த பிறகு அந்த ஆள்சேர்ப்பு நின்றது. ஆனால் பெரட்டு நிற்கவில்லை.

இளைஞர்கள் சிலருக்குப் பெரட்டு என்றால் தெரியாது. விடியுமுன் இருட்டில் மணி அடிக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார், கங்காணியோ மண்டோரோ நிரை சொல்லுவார். இருட்டிலேயே ஏன் போக வேண்டும்? குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். ஆகவே அங்கே விவாதத்துக்கு நேரம் இல்லை. கேட்டுக்கொள்ள வேண்டும், போக வேண்டும். என் தகப்பனார் பெரட்டுக்களத்தில் பேசியதை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம் ஓயாமல் பேசுவார். கிராணி மாதிரி நடித்துக் காட்டுவார், எங்களுக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஏன் அங்கே பேசவில்லை? பேசினால் மறுநாள் மேட்டுக்காடு கிடைக்கும், அல்லது பால் வற்றிப்போன கிழட்டு மரங்கள் உள்ள நிரை கிடைக்கும். அன்றைய கூலி அதில் இருக்கிறது.

பெரட்டு முடிந்தால் ஒவ்வொருவரும் தனித்தனி. நீங்கள், உங்கள் கத்தி, வாளி, சில நூறு மரங்கள். பக்கத்து நிரைக்காரரிடம் கலந்து பேச ஒன்றுமில்லை. பாலைக் கொண்டுபோய் ஸ்டோரில் நிறுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. அந்த வேலைக்கு அடக்கமும் பொறுமையும்தான் நல்ல குணம். பிறகு பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலை கொஞ்சம் மாறியது. ஒருவர் குலை வெட்டுவார், மற்றொருவர் உதிரிப் பழம் பொறுக்குவார். பெரும்பாலும் கணவனும் மனைவியும். ஒருவர் தாமதித்தால் மற்றவர் கூலியும் குறையும். ஆகவே அங்கே பேச்சு உண்டு, சண்டையும் உண்டு!

ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கங்காணிகளில் நல்லவர்களும் இருந்தார்கள். எங்கள் தோட்டத்துக் கங்காணித் தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் யாருக்கும் யாருக்கும் ஆகாது, யார் வீட்டில் நேற்று இரவு தகராறு, யார் தனியாக விட்டால் நன்றாக வெட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பகையாளிகள் இருவருக்குப் பக்கத்து நிரை கொடுக்கவேமாட்டார். ஆளின் குணம் தெரிந்த மனிதர் அவர். ஆனால் ஆளிடம் கருத்துக் கேட்டதில்லை.

1971-இல் சுதந்திர வாணிப வட்டாரச் சட்டம் வந்தது. பத்து பெரெண்டாமில் தொழிற்சாலைகள் எழுந்தன. 1973-இலேயே சீமென்ஸ் அங்கே மின்னணுப் பாகங்கள் செய்யத் தொடங்கிவிட்டது, இப்போது அது இன்ஃபினியான். பிறகு தஞ்சோங் கிளிங், ஆயர் குரோ, அலோர் காஜா என்று பரவியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது நம் பிள்ளைகள் தாமான்களுக்குக் குடிவந்து இந்தத் தொழிற்சாலைகளின் பேருந்தில் ஏறினார்கள்.

தொழிற்சாலையில் வேலை முறையே வேறு. 1982-இல் கிழக்கை நோக்கும் கொள்கை வந்தபின், ஜப்பானியரின் தரக் கட்டுப்பாட்டு வட்டம் இங்கும் பரவலாக வந்தது. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து கோளாறு எங்கே, எப்படிச் சரிசெய்யலாம் என்று பேச வேண்டும். யோசனை நல்ல யோசனை. ஆனால் பெரட்டில் வளர்ந்த தகப்பனின் பிள்ளையை, "உன் மேலாளரின் முறையில் என்ன தவறு, சொல்" என்று கேட்கிறோம். அதுவும் மலாயிலோ ஆங்கிலத்திலோ சொல்ல வேண்டும். அவன் தமிழில் யோசித்து, மலாயில் வாக்கியம் அமைத்து, வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பேசி முடித்துவிடுவார். நாம் எழுதுகிறோம், 'பேசமாட்டார்' என்று!

இது நமக்கு மட்டும் உள்ள குறை என்று நினைத்துவிடாதீர்கள். ஹாலந்து நாட்டு அறிஞர் கீர்ட் ஹாஃப்ஸ்டீட், மேலதிகாரிக்கும் கீழே உள்ளவருக்கும் இடையிலுள்ள தூரத்தை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்று பல நாடுகளை ஒப்பிட்டார். அவருடைய அட்டவணையில் மலேசியாவுக்கு 104 புள்ளி, பட்டியலின் உச்சி. மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும் அதில் அடக்கம்.

இந்த இடத்தில் குணத்தேர்வுகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 1993 முதல் மனிதவள மேம்பாட்டு நிதிக்கு முதலாளிமார்கள் சம்பளத்தில் ஒரு பங்கைச் செலுத்துகிறார்கள், அந்தப் பணத்தில் பயிற்சிகள் நடக்கின்றன. அவற்றில் அடிக்கடி வருவது, கேள்வித்தாளை நிரப்பச் சொல்லி, "நீங்கள் ஆணையிடுபவர், நீங்கள் பழகுபவர், நீங்கள் நிதானமானவர், நீங்கள் நுணுக்கக்காரர்" என்று நான்காகப் பிரிக்கும் பயிற்சி. டிஸ்க் என்பார்கள். இதற்கு வேர் 1928-இல் வில்லியம் மார்ஸ்டன் என்ற அமெரிக்கர் எழுதிய நூல். அவர் தேர்வு எதுவும் தயாரிக்கவில்லை, அதைப் பின்னால் வந்தவர்கள் செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால், வொண்டர் வுமன் என்ற படக்கதைப் பாத்திரத்தைப் படைத்தவரும் இதே மார்ஸ்டன்தான். இன்னொன்று, பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ் பிரிக்ஸ். சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

நான் இவற்றைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. "அவர் என்னை எதிர்க்கவில்லை, அவருக்கு விவரம் வேண்டும், அவ்வளவுதான்" என்று ஒருவர் புரிந்துகொள்ள அந்தப் பயிற்சி உதவினால் நல்லது. ஆனால் அந்தத் தாளை வைத்துப் பதவி உயர்வைத் தீர்மானிப்பது, சாதகம் பார்த்து ஆள் எடுப்பதற்குச் சமம். நாங்கள் ஒருமுறை எல்லாரும் நிரப்பினோம். நம் தம்பிக்கு 'நிதானமானவர்' என்று வந்தது. தண்ணீர்ப் பந்தலில் நிரப்பச் சொல்லியிருந்தால் என்ன வந்திருக்கும்?

சரி, கெட்டிக்காரர்களாகப் பொறுக்கிச் சேர்த்தால் குழு நன்றாக ஓடுமா? இங்கிலாந்தில் மெரிடித் பெல்பின் அதைச் சோதித்துப் பார்த்தார். மூளைக்காரர்களை மட்டும் ஒரு குழுவாகச் சேர்த்து நிர்வாகப் போட்டிகளில் விட்டார். முதலிடம் வருவார்கள் என்று பார்த்தால், பல முறை கடைசிப் பக்கம் போனார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் வெட்டிப் பேசியே நேரம் போனது. 1981-இல் அவர் எழுதிய நூலில் இதைக் காணலாம்.

எனக்கு மிகவும் உதவிய ஆய்வு வேறு ஒன்று. 1990-களில் ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கில் கூடுதலாக இருந்தது! விசாரித்தபோது தெரிந்தது, அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயப்படாமல் சொன்னார்கள். மற்றக் குழுக்களில் மறைத்தார்கள். பிற்பாடு கூகிள் நிறுவனமும் தன் குழுக்களை ஆராய்ந்து, யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிட எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பதே பெரிது என்று கண்டது.

மாசி மகம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் நான் தம்பியைக் கண்டீனுக்குக் கூட்டிப்போனேன். தே தாரிக் குடித்துக்கொண்டே தமிழில் பேசினோம். அதற்கு இரண்டு மாதம் முன் எங்கள் பாகங்களை ஒரு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியிருந்தார், மூன்று நாள் உற்பத்தி வீண். காரணம் கண்டுபிடிக்க நாங்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அந்த மெஷின் சூடாறதுக்குள்ள ஓட்டினா அப்படித்தான் ஆகும்ணே. எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே."

அதன்பின் சில காரியங்களை மாற்றினேன். கூட்டத்துக்கு முதல் நாளே என்ன பேசப் போகிறோம் என்று ஒரு துண்டுத் தாளில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினேன். கூட்டத்தில் இளையவர் முதலில், நான் கடைசியில். நான் முதலில் வாயைத் திறந்தால் எல்லாரும் என் கருத்தையே திருப்பிச் சொல்வார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. ஷிப்ட் மாறும்போது எழுதும் புத்தகத்தில் 'சந்தேகம்' என்று ஒரு பத்தி சேர்த்தோம். எந்த மொழியிலும் எழுதலாம். முதல் வாரம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டாம் வாரம் ஒரு நேப்பாளத் தொழிலாளி படம் வரைந்து வைத்திருந்தார்! படம் சரியாகவே இருந்தது.

அமைதியானவர்களுக்கு மட்டும் இது நடப்பதில்லை. எங்கள் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். எதற்கும் எதிர்க்கேள்வி. வாயாடி, தொல்லைக்காரி என்று பெயர். அவரைச் சமாளிக்க முடியாமல் ஒவ்வொரு பிரிவாக மாற்றிக்கொண்டே இருந்தார்கள். என்னிடம் வந்தபோது, சரக்கு வெளியேறுமுன் எண்ணிச் சரிபார்க்கும் வேலையைக் கொடுத்தேன். கேள்வி கேட்பதே அங்கே வேலை. அவர் கையெழுத்து இல்லாமல் பெட்டி ஒன்றும் நகராது. அவரோடு சண்டை போட்டவர்களே பிறகு, "அக்கா பார்த்தாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் அவரை எல்லாருக்கும் பிடித்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எனக்கே சில நாள் தலைவலிதான்.

திருக்குறளில் தெரிந்து தெளிதல் ஓர் அதிகாரம், அதற்கு அடுத்தது தெரிந்து வினையாடல். ஆளை ஆராய்வது ஒன்று, அவருக்கேற்ற வேலையைக் கொடுத்து நடத்துவது வேறொன்று. நாம் பலர் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம்.

தம்பி என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான்காம் ஆண்டுப் பாரத்தில் வேறு மாதிரி எழுதினேன், குழுத் தலைவர் பொறுப்புக்குப் பரிந்துரைத்தேன். மேலே இருந்தவர்கள் பழைய மூன்று பாரங்களையும் எடுத்து வைத்து, "நீங்களே இப்படி எழுதியிருக்கிறீர்களே, ஒரு வருடத்தில் எப்படி மாறினார்?" என்று கேட்டார்கள். மாறியது அவரல்ல, நான் என்று சொன்னேன். இன்னோர் ஆண்டு பார்க்கலாம் என்றார்கள். எட்டு மாதத்தில் அவர் விலகல் கடிதம் கொடுத்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனார். இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் நாற்பது பேருக்குப் பொறுப்பாளர். மாசி மகத்துக்கு மட்டும் விடுப்பு எடுத்துக்கொண்டு செங்குக்கு வந்துவிடுவார். போன முறையும் பந்தலில் என்னைப் பார்த்து, "அண்ணே, சும்மா நிக்கிறீங்களே, அந்த மோர் வாளியைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன்.